கண்ணாடி மேடை – அத்தியாயம் 9: கிழக்குக் கரை

சம்பந்தி வீட்டுக் கார் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மேடைச் சோதனையை முடித்துவிடலாம் என்று பெரியவள் கணக்குப் போட்டிருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாருடைய கணக்கும் பலிக்கவில்லை.

அவள் வந்து இறங்கியபோது பிறந்த வீடு அடையாளமே தெரியவில்லை. புல்வெளி முழுக்க வெள்ளைக் கூடாரங்கள். மரத்துக்கு மரம் சரவிளக்குகள். சமையல் ஆட்களுக்குப் பின்பக்கம் தனியாக ஒரு கொட்டகை. ஜெனரேட்டர் எங்கே நிற்பது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் வேண்டாம், மண்டபம் வேண்டாம், என் சின்னப் பெண்ணின் கல்யாணம் என் வீட்டில்தான் என்று அப்பா சொன்னபோது, அது இவ்வளவு பெரிய திருவிழாவாகும் என்று யாரும் நினைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் நீச்சல் குளம். அதன் மேல் கண்ணாடி மேடை. தண்ணீருக்குள் விளக்குப் போட்டால், பெண்ணும் மாப்பிள்ளையும் தண்ணீர் மேலேயே நிற்பதுபோல் தெரியுமாம். அப்பாவின் ஆசை அது.

மேடையைக் கட்டியது பெரியவளின் கணவன். மேடை போடுவதுதான் அவன் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சூறைக்காற்றில் அவன் போட்ட மேடை ஒன்று சரிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அவன் பெயர் அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் அவனைத் தேடி வரவில்லை. இந்த வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் மன்றாடியது பெரியவள்தான். "சரி, உனக்காக" என்றார் அப்பா. எதிரில் இருந்தால் அவனை "மாப்பிள்ளை" என்பார். அவன் அந்தப் பக்கம் போனதும் "மேடைக்காரன்."

இப்போது அந்த மேடைமேல் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவளும் அவளேதான். பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். அவள் ஆபீசில் லோடு டெஸ்ட் இல்லாமல் ஒரு நடைபாலத்தைக்கூடத் திறக்க மாட்டார்கள். முந்தின நாள் அதை வீட்டில் சொன்னதும் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான். காலையில் காரில் வரும்போதும் ஒரு பேச்சில்லை.

"டிரம் எல்லாம் வந்தாச்சு" என்றான் இப்போது, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா உங்க அப்பா வேண்டாம்கறார்."

அப்பா இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். "சம்பந்தி வர்ற நேரத்துல மேடை மேல டிரம்மை அடுக்கி வெச்சா என்ன நினைப்பாங்க? கல்யாண வீடா, தண்ணி லாரி நிக்கற இடமா?"

"பாரம் ஏத்திப் பார்க்காம ஆளுங்களை ஏத்த முடியாதுப்பா."

"மாப்பிள்ளை கட்டினது. எனக்கு நம்பிக்கை இருக்கு." அப்பா அவன் தோளில் கை வைத்தார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. "கட்டின பொண்டாட்டி உனக்குத்தான் அது இல்லை போலிருக்கு."

அவன் முகம் சுண்டிப்போனது. அப்பா எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடித்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. எதற்காக அடிக்கிறார் என்பதுதான் புரியவில்லை.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

சம்பந்திக்குக் கப்பல் கம்பெனி. எதையும் ஒருமுறைக்கு இருமுறை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார் என்று பெயரெடுத்தவர். அவர் மனைவி கண் டாக்டர். அதிகம் பேசாத அம்மாள். எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை வெளிநாட்டில் வேலையிலிருந்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் வருவான்.

அவனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று சின்னவள் ஆசைப்பட்டாள். மாமியார் வந்த சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையின் படியில் ஒரு காலை வைத்தாள்.

"குட்டி, ஏறாதே."

பெரியவளின் குரல் அவளுக்கே அதிகமாகத்தான் பட்டது. தோட்டத்தில் பூச்சாடி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் தூக்கிய காலோடு அப்படியே நின்றாள்.

"ஏன் ஏறக்கூடாது?" என்று கேட்டது பெரியவளின் கணவன். கேட்டதோடு நிற்காமல் மேடையில் ஏறி நடுவில் போய் நின்றான். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் பளபளத்தது. "நான் நிக்கறேன்ல? என்ன ஆயிடுச்சு?"

வீட்டார் முன்னால் அவனை அவள் "நீங்க" என்றுதான் சொல்வாள். "நீ" எல்லாம் இருவருக்கும் மட்டும். அன்றைக்கு அது வாய் தவறி வந்தது.

"நீ ஒரு ஆள். அன்னைக்கு மாலையும் கையுமா நாற்பது, ஐம்பது பேர் நிப்பாங்க. குழந்தைங்க குதிப்பாங்க. முதல்ல கீழ இறங்கு."

 அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பா சமாளிப்பதற்காகச் சிரித்தார்.

"பெரியவ இப்படித்தான். ஆபீஸையும் வீட்டையும் பிரிக்கத் தெரியாது. வாங்க சம்பந்தி, உள்ளே போய் காபி சாப்பிடலாம்."

"அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார் சம்பந்தி. "எங்க கப்பல்லயும் பாரம் ஏத்திப் பார்த்துத்தான் அனுப்புவோம். பொண்ணு சரியாத்தான் கேக்குது. பார்த்துடுவோம்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் சிரிப்பு உதட்டிலேயே தங்கிவிட்டது.

ஆட்கள் காலி டிரம்களை மேடைமேல் வரிசையாக அடுக்கினார்கள். தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸை இழுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் பிடித்தார்கள். மேற்குப் பக்கம் முதலில். பிறகு நடு. பெரியவள் குனிந்து இரும்பு உத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளத்தின் குறுக்கே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போட்ட உத்திரங்கள். ஒன்றுகூட வளையவில்லை. சுத்தமான வேலை. அவளுக்குள் பெருமை எட்டிப் பார்த்தது. அவன் பக்கம் திரும்பினாள். அவனும் அந்த நேரம் பார்த்தான். காலையிலிருந்து முதல் முறையாக அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"எல்லாருக்கும் திருப்திதானே? போதும்" என்றார் அப்பா. "கிழக்குப் பக்கம் எதுக்கு? மேடை ஒண்ணுதானே?"

"பாதிப் பாரத்துக்கு டெஸ்ட்னு பேர் இல்லப்பா."

கிழக்கு வரிசையில் தண்ணீர் ஏறியது. முதல் டிரம் நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது பாதி ஏறும்போது, யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"எல்லாரும் தள்ளி வாங்க" என்று கத்தினாள்.

ஹோஸைப் பிடித்திருந்த ஆள் அதைப் போட்டுவிட்டுத் தாவிக் குதித்தான். அடுத்த நொடி கிழக்குக் கரையில் டைல்ஸ் பொடிந்து தெறித்தது. உத்திரத்தின் முனை கரைக்குள் ஒரு முழம் இறங்கியது. மேடை ஒருபக்கமாய்ச் சாய, டிரம்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டு குளத்தில் விழுந்தன. கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. எழும்பிய தண்ணீர் சம்பந்தியின் ஷூவை நனைத்தது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் சின்னவள் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று முன் அந்தப் படியில் வைத்த கால்.

பெரியவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். "எங்கே கோட்டைவிட்டாய்?" என்ற கேள்வி அவள் முகத்தில் எழுதியிருந்தது. அதை அவன் படித்துவிட்டான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மேடை சரிஞ்சதுன்னு பேசிக்கிட்டாங்க" என்றார் சம்பந்தி நிதானமாக, கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டே. "அதுவும் இவரோடதுதானா?"

அம்மாவின் கண் தானாக அவன் பக்கம் போனது. அதுவே பதிலாகிவிட்டது.

"மாமா." அவன் அப்பாவிடம் திரும்பினான். குரல் தாழ்ந்திருந்தது. "வேலை ஆரம்பிக்கும்போதே இந்தக் கரையைப் பத்தி உங்ககிட்ட கேட்டேன். தோண்டிப் பார்த்துடட்டுமான்னு கேட்டேன். பாறை மாதிரி இருக்கு, டைல்ஸை உடைக்காதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. "வேலையை எடுத்தவங்க எல்லாத்தையும் பார்த்துத்தான் எடுக்கணும்."

"கல்யாணம் முடியற வரைக்கும் இவரை இந்த வேலையில நான் பார்க்கக் கூடாது" என்றார் சம்பந்தி. அப்பா தலையசைத்தார்.

அவன் குனிந்து தன் ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டான். அவளைத் தாண்டும்போது மட்டும் நின்றான்.

"நீ நினைச்ச மாதிரியே ஆச்சு."

தோட்டத்துக்கு வெளியே, மேடைச் சாமான் கொண்டுவந்திருந்த அவன் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. பின்னால் ஓட அவள் கால் துடித்தது. ஆனால் கண் உத்திரத்தை விட்டு நகரவில்லை. உத்திரம் இன்னும் நேராகத்தான் இருந்தது. போல்ட் ஒன்றுகூடப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அப்படியானால் உடைந்தது எது?

எல்லாரும் வீட்டுக்குள் போனபிறகு அவள் கிழக்குக் கரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உடைந்த டைல்ஸை விலக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை போயிற்று. கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மணல். செங்கல் துண்டுகள். இழுத்ததும் ஏதோ கையோடு வந்தது. சுருட்டித் திணித்த சிமென்ட் சாக்கு. குளத்துத் தண்ணீர் கசிந்து கசிந்து கரைக்கு உள்ளே மண்ணை அரித்துவிட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல், கைக்குக் கிடைத்ததைப் போட்டு அடைத்து, மேலே புது டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறார்கள். மற்ற மூன்று கரைகளின் டைல்ஸ் வெயிலில் மங்கியிருந்தது. இது மட்டும் பளிச்சென்று வெள்ளை.

அந்த ஈரச் சாக்கோடு அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். அம்மாவும் அங்கே இருந்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னப்பா?"

அப்பா சாக்கைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. அவங்க ஹால்ல இருக்காங்க."

"கரை உள்ளே ஒண்ணுமே இல்லை. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பதில் அம்மாவிடமிருந்து வந்தது, ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கொத்தனார் அப்பவே சொன்னார். முழுசாத் தோண்டிக் கட்டணும், மாசக்கணக்கா ஆகும்னார். அந்த நேரம் பார்த்து இவங்க பொண்ணு பார்க்க வர்றதா சொல்லிட்டாங்க. வர்றவங்க கண்ணுக்கு வீடு குழி தோண்டிக் கிடக்கக் கூடாதுன்னு அப்பா மூடச் சொல்லிட்டார்."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

"சும்மாத்தானே இருந்தேன்" என்றாள் அம்மா. அவள் கையில் ரிப்பன் முடிச்சு விழாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

பெரியவள் சாக்கைத் தரையில் போட்டாள். "குட்டி அது மேல நின்னிருப்பா, அப்பா."

"நடுவுலதானே நிக்கப் போறா. ஓரம்தானே பலவீனம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வார்த்தை எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நாள் தாங்கும்னு நினைச்சேன். ஒரே ஒரு நாள். அப்புறம் இடிச்சுக் கட்டிக்கலாம்னு."

"அதுக்கு அவர் தலையில பழியைப் போட்டீங்க."

"கல்யாணம் முடியட்டும். நானே மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஊரைக் கூட்டிச் சொல்றேன்." அப்பா அவள் கையைப் பிடித்தார்.  "இப்ப வேண்டாம்மா. சம்பந்தி எதை வேணும்னாலும் பொறுப்பார், பொய் சொன்னா பொறுக்க மாட்டார். இந்த நிமிஷம் தெரிஞ்சா எழுந்து போயிடுவார். உன் தங்கச்சி வாழ்க்கை இப்ப உன் வாயிலதான் இருக்கு."

இதைவிட அவர் அதட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவள் எதிர்த்துக் கத்தியிருப்பாள். இப்படிக் கெஞ்சியதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் திறந்தால் தங்கையின் கல்யாணம். திறக்காவிட்டால், ஏற்கெனவே அடிபட்ட பெயர் இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காத ஒருவன். அந்த ஒருவனையும் ஒரு கணம் அவளே சந்தேகப்பட்டாள்.

கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே சின்னவள் நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அழவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அக்கா, நீ சொல்லாதே."

இவளும் மறைக்கச் சொல்கிறாளா என்று பெரியவள் நினைத்தாள். ஆனால் தங்கை வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை.

"நீ சொன்னா, உன் புருஷனுக்காகச் சொல்றதா ஆயிடும். என் கல்யாணம். நான் சொல்றேன்."

சாப்பாட்டு மேஜையில் சம்பந்தியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாற ஆட்கள் நின்றார்கள். சின்னவள் அவர்களை வெளியே போகச் சொன்னாள். தன் நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அத்தை, ஒரு விஷயம். அத்தான் கட்டின மேடையில தப்பு இல்லை. தப்பு எங்க கரையில. உள்ளே அரிச்சுப்போயிருக்குன்னு எங்க அப்பாவுக்குத் தெரியும். உங்ககிட்ட மறைக்கறதுக்காக மூடினார். அத்தான் கேட்டப்பவும் மறைச்சார். உங்க முன்னாடியும் மறைச்சார்." மூச்சு வாங்கியது. "எங்க அப்பா கெட்டவர் இல்லை. ஆனா இது இப்படித்தான் நடந்தது."

அப்பா வாசற்படியில் வந்து நின்றிருந்தார். மறுக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம்.

சம்பந்தி தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்தார். "கிளம்பலாம்" என்றார் மனைவியிடம்.

கண் டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"மேடை கட்டின பையன் எங்கே?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"போயிட்டார், அத்தை."

"போகும்போது யார் மேலயாவது பழி சொன்னாரா?"

"அப்பாகிட்ட கேட்டதோட சரி. வேற ஒண்ணும் சொல்லலை."

அந்த அம்மாள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே பெரியவளிடம் பேசினார். "அவரைக் கூட்டிட்டு வாம்மா. அவர் முகத்தைப் பார்த்து உங்க அப்பா என்ன சொல்றார்னு நான் கேக்கணும். அதைக் கேட்டுட்டுத்தான் என் பிள்ளைக்கு போன் பண்ணுவேன். கல்யாணம் இருக்குன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதான்னு அப்புறம் பார்க்கலாம்." பிறகு கணவனிடம் திரும்பி, "நீங்க போறதா இருந்தா போங்க. எனக்கு வண்டியை அனுப்புங்க" என்றார்.

சம்பந்தி நின்ற இடத்திலேயே நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

பெரியவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சின்னவளும் பின்னாலேயே வந்தாள். முதல் முறை அவன் எடுக்கவில்லை. இரண்டாவது முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தான். லாரி ஓடும் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"சொல்லு."

வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை அதற்காகத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவமானப்பட்டுப் போனவனை, அதே வீட்டுக்குக் காரியம் ஆக வேண்டும் என்பதற்காகக் கூப்பிடுவதா? அப்பா அவன் தோளில் கை வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"இங்க உன்னைக் கூப்பிடறாங்க" என்றாள். "அது வேற விஷயம். வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் அதுக்காக போன் பண்ணலை."

"பின்ன எதுக்கு?"

"உன் வேலையில தப்பு இல்லை. கரையைத் தோண்டிப் பார்த்துட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. குட்டி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா." எச்சிலை விழுங்கினாள். "ஆனா தோண்டிப் பார்க்கறதுக்கு முன்னாடி, நானும் ஒரு நிமிஷம் உன்னைத்தான் நினைச்சேன். நீ அதைப் பார்த்தே. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டானோ என்று அவள் திரையைப் பார்த்தாள். இல்லை. சின்னவள் அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, சாலையோரமாக ஒதுக்கிய லாரியின் இன்ஜின் நிற்கும் சத்தம் கேட்டது.